அவர் பேரில் என் மூச்சு

அவர் கேள்வி கேட்டால் பதில் நீளமாக இருந்தாக வேண்டும். "ஊர்ல மழையாப்பா?" என்பார். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால் முகம் சுருங்கிவிடும். உடனே அடுத்த கேள்வி வரும். "கொளம் ரொம்பிச்சா?" எனக்குப் பேசச் சொல்லித் தரவா வேண்டும். எங்கள் ஊர்க் குளம், அதன் மடை, அந்த மடைக்காக இரண்டு தெருக்காரர்கள் போட்ட சண்டை, சண்டையில் என் சித்தப்பா வேட்டியை விட்டுவிட்டு ஓடியது என்று, பென்னலூரில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து கேட்டில் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வருவேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை என் மேலேயே வைத்துத் தலையை மட்டும் ஆட்டுவார். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். நாற்பது வயதுவரை என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை. ஊரிலிருந்து போன் செய்யும் என் மனைவியே இரண்டாவது நிமிஷத்தில் "சரி, வேற?" என்பாள். அதனால் இவர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் ஆகிப்போனது.

அவர் வீட்டுப் பக்கவாட்டு அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். நான் தென்காசிப் பக்கத்து ஆள் என்பதால் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். மதினி என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரும். மதினிதான் ஒரு நாள் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உன் கதைய அவரு எங்க கேக்கறாரு தம்பி? ரோட்டாண்ட வரைக்கும் நடந்தா அவருக்கு மூச்சு பத்தாது. எதிராளி பேசிக்கினு இருந்தா இவரு பேச வேணாம் இல்ல. அதுக்குதான் கேள்வி கேக்கறது."

எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, "உங்க சித்தப்பா அந்த வேட்டிய அப்பறம் போய் வாங்கினாரா?" என்று கேட்டார். கேட்கத்தான் செய்திருக்கிறார். நான் மறுபடியும் பேச ஆரம்பித்தேன்.

மூச்சு வாங்குவதை வெளியே காட்டாமல் இருப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர். கேட்டிலிருந்து எங்கள் ஷெட்டுக்கு ஐந்து நிமிஷ நடை. வழியில் பாதுகாப்பு விதிகளை எழுதிய ஒரு பலகை உண்டு. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் மட்டும் தினமும் அதன் முன்னால் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர் இதைப் பார்த்துவிட்டுக் காலை மீட்டிங்கில் இவரை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னான். நாங்களும் தட்டினோம். படிக்கட்டு வந்தால் அவருக்கு ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் போன் வரும். காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்று கேட்பார். அந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இன்ஹேலர் சாப்பாட்டுப் பையில் தயிர் டப்பாவுக்கு அடியில் கிடக்கும். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இழுத்துக்கொள்வார்.

"காண்ட்ராக்டர்ட்ட சொன்னா லேசான வேலை எதும் குடுப்பாம்லாண்ணே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அவனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?"

எதற்கும் இதுதான் அவர் பதில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மணி கேட்டால்கூட, மணியைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அவனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?" என்பார். எனக்கு இது சிரிப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு.

லைனில் அவர் ரிலீவர். கார் கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பாகத்தைப் பொருத்துவது எங்கள் லைன். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கதவை முடிப்பதற்குள் அடுத்த கதவு வந்து மூக்குக்கு நேரே நிற்கும். ஒரு ஆள் நகர்ந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் மாடி ஆபீஸிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். அதனால் ஒன்றுக்குப் போவதென்றாலும் தலைக்கு மேலே உள்ள மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்று, கையிலிருக்கும் ஸ்க்ரூ கன்னை வாங்கிக்கொண்ட பிறகுதான் காலை எடுக்கலாம். பத்தொன்பது பேருக்கு இவர் ஒருத்தர்தான். யாருக்கு எந்த நேரத்தில் முட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. எனக்கு டீ குடித்து நாற்பதாவது நிமிஷம். நான் விளக்கைப் போடுவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருப்பார். ரொம்ப நாள் அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரமாகக் கூப்பிட்டால் ஓடி வர முடியாது, அதனால்தான் முன்கூட்டியே கிளம்பிவிடுகிறார் என்பது பிறகு புரிந்தது. அக்கறையும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஓரகடத்தில் வேறொரு இடத்தில் இருந்தவர். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்கிற வேலை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்தாராம். தூசி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கூடவே பீடியும் சேர்ந்துகொண்டது. நுரையீரலுக்கு இனி வைத்தியம் கிடையாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நோய்க்கு டாக்டர் சொன்ன பேர் நீளமானது. இவர் அதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்வதற்கும் மூச்சு வேண்டுமே.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வரும். ரத்தம், கண், காது எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஊதுகிற டெஸ்ட். ஒரு குழாயை வாயில் வைத்து நெஞ்சிலிருக்கும் மூச்சு மொத்தத்தையும் ஒரே தம்மில் ஊத வேண்டும். பெட்டியில் கோடு ஏறும். எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களில் கோடு ஏறாதவனுக்கு அடுத்த மாதம் கேட் பாஸ் வேலை செய்யாது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். கார்டைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரியும், அதோடு சரி.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷ மெடிக்கல் அன்று, நாற்பது நிமிஷம் ஆவதற்கு வெகு முன்பே வந்து என் பின்னால் நின்றார். "நீ ஊதிட்டியா?" என்றார். ஊதிவிட்டேன் என்றேன். கையைப் பிடித்து எதையோ திணித்தார். பார்த்தால் அவருடைய மெடிக்கல் டோக்கன்.

"இன்னொரு வாட்டி ஊதிட்டு வந்துர்றியா?"

அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை. தொப்பி, கண்ணாடி, தாடையில் தொங்கும் மாஸ்க், எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. வேனுக்குள் இருந்த பையன் தலையைத் தூக்காமல் பேரைக் கேட்டான். அவர் பேரைச் சொன்னேன். ஊரில் கிணற்றுக்குள் முங்கி மண் எடுத்து வந்தவன் நான். ஊதியதில் கோடு பெட்டியைத் தாண்டிப் போகும் போலிருந்தது. "நல்ல தம்முங்க" என்றான் பையன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் என் இடத்தில் நின்று நாலு கதவு முடித்திருந்தார். அடுத்த வருஷமும் இதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கக்கூஸிலிருந்து வெளியே வந்தவர் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேள்வி ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"ரத்தம் வருதுப்பா" என்றார்.

"எத்தன நாளாண்ணே?"

"மூணு மாசம்."

"மதினிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு இன்னாத்துக்கு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையிலிருந்த சட்டையைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த வார ஓய்வு நாளில், கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டு செல்லுபடியாகும் ஆஸ்பத்திரி ஒன்று ஹைவேயில் இருக்க, அங்கே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார். மயக்கம் கொடுத்துச் செய்வோம், ஒன்றும் தெரியாது என்றார். பிறகு, "வேற வியாதி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் அவருக்கு வாயில் வருவது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் பேசாமல் இருந்தேன். எனக்கும் அதுதான் பழக்கம்.

வெளியே வந்து, "என்னண்ணே, மூச்சப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டு துண்டாகச் சொன்னார். கார்டில் செய்தால் இங்கே எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் பில்லோடு சேர்ந்து கம்பெனிக்குப் போகும். நுரையீரல் என்று எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டால் மயக்க மருந்து. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. டெஸ்ட்டே வேண்டாமென்றால் ரத்தம் நிற்கப் போவதில்லை.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான்" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

டெஸ்ட்டுக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மனைவியைக் கூப்பிட வேண்டாம் என்றார். "அவ வந்தா டாக்டராண்ட ஒண்ணு வுடாம சொல்லிடுவா. நீ வா." ஊரறிந்த ஓட்டை வாய்க்காரன் நான். என்னைப் போய் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று நம்பினாரே என்று அந்த நேரத்தில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வயிற்றைக் கழுவுகிற வேலை தொடங்கியது. வீட்டில் வைத்துச் செய்கிறது என்பதால் மதினிக்குச் சொல்லாமல் தீரவில்லை. ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். குடித்தது எல்லாம் போய்க் கடைசியில் வெறும் தண்ணீராக வெளியே வர வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவனுக்கே அது தண்டனைதான். கக்கூஸ் கொல்லைக் கோடியில், பின்வாசலிலிருந்து இருபதடி. தரையோடு பதித்த பீங்கான். குந்தினால் அவருக்கு வயிறு நெஞ்சை முட்டி மூச்சை அடைத்துவிடும். மதினி ஒரு பழைய பிளாஸ்டிக் சேரில், சூடு காட்டிய கத்தியால் வட்டமாக ஓட்டை போட்டு உள்ளே வைத்துவிட்டார். முதல் மூன்று தடவை நடந்து போய் நடந்து வந்தார். நாலாவது தடவை திரும்பும்போது வழியிலேயே நின்றுவிட்டார். பாதித் தூரத்தில் இன்னொரு சேரைப் போட்டோம். ஆறாவது தடவை, இனி வரவில்லை, உள்ளேயே இருந்துகொள்கிறேன் என்று கையைக் காட்டினார்.

தகரக் கூரை. உள்ளே நாலடிக்கு மூன்றடி இடம். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று அதையும் திறந்தே வைக்க வேண்டியதாயிற்று. எதையும் யாரிடமும் காட்டாத மனிதர், மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டுக்கொண்டு, திறந்த வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். மதினியும் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். மணிக் கணக்குப் பார்த்து டம்ளரை மட்டும் பின்பக்கமாக நீட்டுவார் மதினி. நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

நடுவில் மதினி திரும்பாமலே கேட்டார். "டாக்டராண்ட மூச்சப் பத்தி சொன்னியா?"

"சொல்லியாச்சு" என்று குரல் வந்தது.

"தம்பி, சொன்னாரா?"

"சொல்லிட்டாங்க மதினி" என்றேன். மதினி முகத்தைப் பார்க்கிற அவசியம் இல்லாததால் அது சுலபமாக வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவருக்கு முதுகுப் பக்கம் கயிறு கட்டுகிற ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசையாமல் இருந்தால்தான் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கருவியில் எண் ஓரளவு நிற்கும் என்று எங்கேயோ தெரிந்து வைத்திருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார்.

"ஏசி மேடம். வெரலு சில்லுனு கீது."

"மூச்சுத் திணறல், ஆஸ்துமா?"

"இல்ல."

அந்த அம்மா கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "உங்க கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட்டு கார்டுலயே இருக்கு. லங்ஸ் சூப்பரா இருக்கே. அப்ப பிரச்சனை இல்ல" என்றார். கட்டிலில் இருந்தவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. துணைக்கு வந்தவர் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள். போட்டேன். உள்ளே போகும் முன்னால் போனை என்னிடம் கொடுத்தார், மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார், கடைசியாக யாரும் பார்க்காதபோது இன்ஹேலரை என் சட்டைப் பைக்குள் போட்டார். கதவு சாத்தியது.

வெளியே மூன்று நாற்காலி. நடுவில் உட்கார்ந்தேன். அந்த டாக்டர் என் மூச்சைப் பார்த்து அவருக்கு மருந்தை அளக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உள்ளே இருக்கிற நெஞ்சு அவருடையது, ரிப்போர்ட்டில் இருப்பது என்னுடையது. நேற்று மதினிக்குச் சொன்ன பதில் வேறு காதுக்குள் நின்றது. எழுந்து போய்ச் சொன்னால் அவர் வேலை போகும், ஆள்மாறாட்டம் செய்தவன் என்று என் வேலையும் போகும், ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சொல்லாவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து யாராவது வெளியே வந்து என்னிடம் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். எத்தனை நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கலாம். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "உள்ள வரக் கூடாது சார்" என்று நர்ஸ் கையை விரித்தார். டாக்டர் கையில் ஊசி இருந்தது.

"அந்த ரிப்போர்ட்டுல இருக்கது என் மூச்சு மேடம்."

"என்னது?"

"நாந்தான் ஊதினேன். ரெண்டு வருஷமா அவர் பேர்ல நாந்தான் ஊதுதேன். அவருக்கு நெஞ்சு மொத்தமும் தூசி. இந்தா, இதுதான் அவர் மருந்து." இன்ஹேலரை எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன்.

அவர் இடது பக்கமாகச் சரிந்து, முட்டியை மடக்கிப் படுத்திருந்தார். முகம் என் பக்கம் இருந்தது. அப்படிப்பட்ட பார்வையை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

"அவன் சொல்றது பொய் மே..." என்றார். மேடம் என்று முடிக்க மூச்சு வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் முதுகில் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தார். அதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: "இந்த டோஸ் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

பெரிய டாக்டர் வந்தார். அவர்கள் தனியாகப் பேசினார்கள். மயக்கம் இல்லாமல், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தலைப் பக்கம் கட்டிலை உயர்த்தி, மெதுவாகச் செய்யலாம் என்றும், வலிக்கும், தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறோம் என்றும் அவரிடம் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். "நீங்கதான சொன்னீங்க, வந்து பக்கத்துல நில்லுங்க" என்று பெண் டாக்டர் என்னைத் தலைமாட்டில் நிறுத்தினார்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவர் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கித் தலையணையை நனைத்தது. புரள முடியாது, எழுந்து உட்கார முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. இடையில் இரண்டு முறை டாக்டரே நிறுத்தி, மூச்சு விடச் சொன்னார். அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு. ரெண்டு இருக்கு" என்றார் பெரிய டாக்டர். சின்னச் சின்னக் கட்டிகள். அங்கேயே வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் கெட்டதாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கும் என்று பத்து நாளில் முடிவு வந்தது.

நான் ஊதிய கதையை டாக்டர் எழுதாமல் விட்டிருந்தாலும், ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் நுரையீரல் நோய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டீக்கடையில் அவர் சொன்னபடியே அது பில்லோடு கம்பெனிக்குப் போயிற்று. காண்ட்ராக்டர் ஆபீஸில் கூப்பிட்டு மறுபடி ஊதச் சொன்னார்கள். இந்தத் தடவை அவரே ஊதினார். "போன வருஷம் மட்டும் எப்பிடிய்யா அவ்ளோ நல்லா வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். "போன வருஷம் நல்லா இருந்தேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். என் பேர் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு முன்னால் கேட்டில் கார்டைக் காட்டினார். சிவப்பு எரிந்தது. இன்னொரு தடவை காட்டினார். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. அவர் ஒதுங்கி நின்றார். நான் காட்டினேன், பச்சை எரிந்தது, உள்ளே போய்விட்டேன். நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு லைனில் எனக்கு முட்டியபோது புது ரிலீவர் வர இருபது நிமிஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய் வருவேன். மதினி ஒரு ஹாஸ்டல் சமையலுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் கொல்லையில் என்னை நிறுத்தி, "டாக்டராண்ட சொன்னது சரி தம்பி. அதுக்கு உன்ன கும்புடணும். என்னாண்ட பொய் சொன்ன பாரு, அது தப்பு" என்றார். ஆமா மதினி என்றேன். பழையபடி மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி என்னை ஓரகடம் பிளாண்டுக்கு மாற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமானை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சாவியை மதினியிடம் கொடுத்தேன். அவர் சேரிலிருந்து எழுந்து கேட் வரைக்கும் வந்தார். நின்று, என் முகத்தைப் பார்த்து,

"அன்னிக்கு உள்ள வந்து சொன்னியே. எனக்காகவா? உனக்காகவா?" என்று கேட்டார்.

மூன்று மாதமாக நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. உங்கள் உயிர் பெரிதாகப் பட்டது, மதினி முகம் நினைவுக்கு வந்தது என்று அழகாகச் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்காகத்தாண்ணே. என் மூச்ச நம்பி உங்களக் கொன்னுருவாங்கன்னு பயந்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். அப்பிடி ஆயிருந்தா அதுக்கப்புறம் நான் எப்பிடிண்ணே நிம்மதியா மூச்சு விடுவேன்?"

அவர் பழையபடி தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "சரி" என்றார். "எனக்காகன்னு சொல்லியிருந்தீன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்ப நேரமானது. "என் வேலைய நீயே..." மறுபடியும் நின்றது. "திருப்பி வாங்கிக் குடுன்னு கேட்டிருப்பேம்பா" என்று முடித்தார். அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் பைக்கை மெதுவாக்கி அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, நடுத்தெருவைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவருக்கு மூச்சு சீராகும்வரை நான் வாயைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.